யாரிடமும் கேட்காத அக்கா

பால் கலந்த எதுவும் அக்காவுக்கு ஒத்துக்கொள்ளாது. மலாக்காவில், ஆயர் குரோ தொழிற்பேட்டையின் ஓரத்தில் இருந்த அவருடைய அச்சுக்கடைக்கு எதிரே ஒரு மாமாக் கடை, தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக்கடை. அங்கே போனால் பாலில்லாத கோப்பி ஓ மட்டும்தான் சொல்வார். ஒரு மதியம், கூட்டத்துக்கு நடுவே, கடைக்காரர் மறந்துபோய் நுரை ததும்பும் பால் தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அக்கா அந்தக் கோப்பையை ஒருமுறை பார்த்தார். பிறகு எடுத்துக் குடிக்கத் தொடங்கினார்.

“கோப்பி ஓதானே சொன்னீங்க? மாத்தித் தரச் சொல்லலாமே,” என்றேன்.

“இருக்கட்டும் சார். பாவம், ஒத்த ஆளா ஓடிக்கிட்டு இருக்காரு.”

முழுவதையும் குடித்தார். அன்று மாலை வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டேதான் வேலை செய்தார்.

இருக்கட்டும் என்பது அவர் வாயில் நிரந்தரமாகக் குடியிருந்த சொல். நாற்காலி போடட்டுமா என்றால் இருக்கட்டும். வீட்டில் கொண்டுபோய் விடட்டுமா என்றால் இருக்கட்டும். ஒருமுறை நெடுஞ்சாலைச் சந்திப்புக்குப் பக்கத்தில் அவர் கார் டயர் வெடித்துவிட்டது. கைப்பேசியில் உதவிக்கு வரக்கூடியவர்கள் எத்தனையோ பேரின் எண்கள் இருந்தும் அவர் யாரையும் கூப்பிடவில்லை. வெயிலில் சாலையோரம் நின்றுகொண்டிருந்தவரை, ஏர்கோன் பழுதுபார்க்கும் வேலைக்காக அந்த வழியே வந்த, அவருக்கு நன்கு தெரிந்த முரளிதான் பார்த்து வண்டியை நிறுத்தினார்.

“ஏன்கா, ஒரு போன் அடிச்சா என்ன?”

“நீங்க வேலையில இருப்பீங்கன்னு நெனச்சேன் தம்பி.”

“நான் வரலன்னா என்ன பண்ணியிருப்பீங்க?”



மலாக்காவில் டிரோன் பறக்கவிடுகிறவர்கள் எல்லோருக்கும் அவர் அக்கா. அவரைவிட மூத்த இரண்டு பேர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். கோயில் திருவிழாப் பதாகை, கல்யாணப் பதாகை, இரங்கல் அட்டை என்று எல்லாவற்றையும் அச்சடித்துத் தரும் கடை அவருடையது. ஐம்பதைத் தாண்டியவர். கழுத்தில் கயிற்றோடு தொங்கும் மூக்குக் கண்ணாடி. விரல் நுனிகளில் எப்போதும் மையின் நீலம். நான் அப்போது ஒரு தமிழ் நாளிதழுக்கு மலாக்காச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். ஆண்டுதோறும் அவர் நடத்திய டிரோன் புகைப்படப் போட்டிக்கு நடுவர்களில் ஒருவனாக என்னை வைத்திருந்தார்.

அது நட்புமுறைப் போட்டி. தொழிலாகப் படம் எடுப்பவர்கள் வரக்கூடாது. தொழிற்சாலைத் தொழில்நுட்பர், பள்ளி ஆசிரியர், பல் மருத்துவர், வங்கிக் குமாஸ்தா என்று பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுபவர்கள் மட்டுமே வருவார்கள். ஆண்டுக்கு ஒரு செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோட்ட நிர்வாகத்திடமும் மற்ற இடங்களிலும் அனுமதி வாங்குவது, கூடாரம், சாப்பாடு, கோப்பை எல்லாம் அவர் பொறுப்பு. அவருக்கு டிரோன் பறக்கவிடத் தெரியாது. முரளி கற்றுத் தருகிறேன் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். “எனக்கு எதுக்கு தம்பி, நீங்கள்லாம் இருக்கீங்க” என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

தனக்காக வாய் திறக்காதவர் இந்தப் பிள்ளைகளுக்காக என்றால் திறப்பார். தோட்ட அலுவலகத்தில் மேனேஜருக்கு முன்னால் நின்று அவர் பேசிய மலாயைக் கேட்டிருக்கிறேன். என் பிள்ளைகள் வெயிலில் நிற்பார்கள், பழைய மண்டபத்தைத் திறந்துவிடுங்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் வேண்டும். ஓடைக்கு அந்தப் பக்கமும் பறக்க அனுமதி வேண்டும். பணிவாகத்தான் பேசுவார். ஆனால் அனுமதி கிடைக்காமல் அந்த அறையைவிட்டு வெளியே வரமாட்டார்.

போட்டி நாள் கலகலப்பாக இருக்கும். தோட்டத்து முனீஸ்வரர் கோயில் வாசலில் பாய் விரித்து டிரோன்களை வரிசையாக வைப்பார்கள். புது லாரிக்குச் செய்வதுபோல் சூடம் காட்டி, இறக்கைகளுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சந்தனம் குங்குமம் இடுவார்கள். ஒரு வருடம் யாரோ பக்தி மிகுந்து லென்ஸின் மேலேயே குங்குமம் வைத்துவிட, அந்த ஆளின் படங்கள் எல்லாம் நடுவில் ஒரு சிவப்புச் சூரியனோடு வந்தன.

“சாமி கண்ணால பாத்த எஸ்டேட்லா இது,” என்றார் முரளி. “மொத பரிசு குடுத்துருங்கக்கா, இல்லன்னா முனியாண்டி கோச்சுக்குவாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். சிரித்தபடியே அந்த ஆளிடம், லென்ஸைத் துடைத்துவிட்டு அதே இடங்களுக்கு மறுபடியும் போய் வரும்படி சொன்னார்.

போட்டிக்கு அவர் வைத்திருந்த விதிகள்தான் விசித்திரமானவை. வெயில் உச்சிக்கு ஏறிய பிறகுதான் பறக்க வேண்டும். கேமரா நேர் கீழே பார்க்க வேண்டும். ஒருவர் பத்துப் படம் வரை தரலாம், ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு இடமாக இருக்க வேண்டும். படத்தின் ஓரங்களை வெட்டக்கூடாது. எடுத்தது எடுத்தபடி முழுதாகத் தர வேண்டும். படம் எடுக்கத் தெரிந்த யாரும் உச்சி வெயிலில் எடுக்க மாட்டார்கள். நிழல் இல்லாத படம் தட்டையாக இருக்கும். அதிகாலை மூட்டம், மாலைச் சூரியன் என்று ஆசைப்பட்டு வருகிறவர்கள் முணுமுணுப்பார்கள்.

“அக்கா, ஒரே ஒரு சன்செட் எடுத்துக்கறேன்கா.”

“அடுத்த வருஷம் பாக்கலாம் தம்பி.”

ஒவ்வொரு ஆண்டும் இதே பதில்தான்.

வந்த படங்கள் அத்தனையையும், தோற்றவர்கள் எடுத்ததையும் சேர்த்து, அவர் தன் இயந்திரத்தில் பெரிதாக அச்சடிப்பார். கண்காட்சிக்காக என்பார். எல்லோரும் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்கள். நடுவர்கள் பார்ப்பதற்கு முன்பே அவர் பார்த்துவிடுவார். காகிதம் வெட்டும் மேசையில் படத்தை விரித்து, கைக்கண்ணாடியை இடது மேல் மூலையில் வைத்து, வரி வரியாக நகர்த்திக்கொண்டு வலது கீழ் மூலை வரை போவார். பத்திரிகை அலுவலகத்தில் மெய்ப்பு பார்ப்பவர்கள் இப்படித்தான் பார்ப்பார்கள்: அர்த்தத்தைப் படிக்காமல், பிழையைத் தேடி. முடித்ததும் படத்தைச் சுருட்டி எடுத்தவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்வார்.

“முழுசா இருக்கு.”

அவர் யாரையும் அதைவிட அதிகமாகப் பாராட்டி நான் கேட்டதில்லை.

நான்கு வரியில் ஒரு ‘காணவில்லை’ செய்தியை எழுதியவன் என்ற முறையில், இதற்கான காரணம் எனக்குத் தெரியும். காணாமல் போனவர் அவருடைய கணவர். ஜாசின் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆயர் குரோ தொழிற்சாலைகளுக்குப் பெண்களை ஏற்றி இறக்கிய தொழிற்சாலை பஸ்ஸின் ஓட்டுநர். பக்கவாதம் வந்து வேலையை விட்ட பிறகு அவருக்கு நினைவு தடுமாறத் தொடங்கியது. சில காலைகளில் சீருடைச் சட்டையை மாட்டிக்கொண்டு, புக்கிட் பெருவாங் வீட்டு வாசலில் பஸ் சாவிக்காகக் காத்திருப்பாராம். “இன்னிக்கு லீவுங்க,” என்று சொல்லி அக்கா உள்ளே கூட்டிப்போவார். ஒருநாள் திருவிழாப் பதாகை வேலைக்காக அக்கா சீக்கிரமே கடைக்குப் போய்விட்டார். லீவு என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

நீலச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, காப்புறுதிக் கம்பெனி ஒன்று இலவசமாகக் கொடுத்த பெரிய ஆரஞ்சுக் குடை. ஜாசின் சாலையில் ஒரு பெட்ரோல் நிலையத்துக் கேமராவில், விரித்த குடையோடு அவர் நடந்துபோவது பதிவாகியிருந்தது. அதற்குப் பிறகு அவரைப் பார்த்தவர்கள் யாருமில்லை.

போலீஸ் தேடியது. டிரோன் பறக்கவிடும் குழு ஒன்று தானாகவே முன்வந்து தேடியது. முரளி அந்தக் குழுவில் இருந்தார். முதல் வாரம் பலர் வந்தார்கள். அடுத்த வாரம் சிலர். அதற்கடுத்த வாரம் முரளி மட்டும். அதைப் பற்றி அக்கா ஒருமுறை என்னிடம் பேசினார். கடையில் வேறு யாரும் இல்லாத ஒரு பிற்பகல். அவர் என் முகத்தைப் பார்க்காமல், ஒரு இரங்கல் அட்டையின் ஓரத்தை வெட்டிக்கொண்டே பேசினார்.

“யாரும் வரலன்னு நான் போன் பண்ணிக் கேக்கல சார். கேட்டிருந்தா வந்திருப்பாங்க. வந்துட்டு மணியப் பாத்துக்கிட்டே நிப்பாங்க. அவங்களுக்கும் குடும்பம் இருக்கு, வேல இருக்கு. அது அவங்க தப்பில்ல.”

“போட்டிக்கு வர்ற பிள்ளைங்ககிட்டயாவது சொல்லலாமே? எல்லாம் நல்ல பிள்ளைங்க.”

“சொன்னா தேடுவாங்க சார். தேடறவங்க சீக்கிரம் களைச்சுப் போயிடுவாங்க. படம் எடுக்கறவங்க களைக்க மாட்டாங்க.”

கணவர் காணாமல் போன பிறகு அவர் தொடங்கிய போட்டி எந்தெந்தத் தோட்டங்களில் நடந்தது என்று நினைத்துப் பார்த்தால் இன்னொன்றும் புரியும். முதல் ஆண்டு நடந்த தோட்டம் அந்தப் பழைய பஸ்ஸின் முதல் நிறுத்தம். இரண்டாம் ஆண்டு இரண்டாம் நிறுத்தம். தன் வேலைக்குப் புறப்பட்ட மனிதர் தன் வழியில்தான் போயிருப்பார் என்பது அக்காவின் கணக்கு.

முரளிக்கும் இது தெரியும். பழைய ஆட்கள் சிலருக்கும் தெரியும். யாரும் பேசியதில்லை. அவர் சொல்லாததை நாம் எடுத்துச் சொல்வது மரியாதையாகாது என்று எல்லோரும் தனித்தனியே முடிவு செய்திருந்தோம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவர் டிரோன் பைத்தியம் பிடித்த ஓர் அச்சுக்கடை அக்கா, அவ்வளவுதான்.

தினேஷ் அப்படிப் புதிதாகச் சேர்ந்தவர். தொழிற்சாலையில் தொழில்நுட்பர். புக்கிட் பெருவாங்கில் அக்கா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. புது டிரோன், எல்லோரையும் கேலி செய்யும் வாய், ஜெயிக்க வேண்டும் என்ற வெறி.

“இந்த வருஷம் கப்பு நம்ம வீட்டுக்குத்தான்கா. ஷோகேஸ்ல எடம்கூட ஒதுக்கிட்டேன்,” என்று பதிவுக்கு வந்த அன்றே சொன்னார்.

“நல்லது தம்பி. தூரமா போய் எடுங்க. எல்லாரும் எடுக்கற எடத்துல எடுக்காதீங்க.”

அந்த ஆண்டு போட்டி வழக்கத்தைவிட முன்னதாகவே நடந்தது. அக்கா அவசரப்பட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். தேர்ந்தெடுத்த தோட்டத்தின் பின்பகுதியில் மரங்கள் மிகவும் உயர்ந்து, குலை வெட்ட ஆளில்லாமல், கொடியும் புதரும் மண்டிக் கிடந்தது. அதைச் சாய்த்து மறுநடவு செய்யப் போகிறார்கள் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். மண்வாரி இயந்திரங்கள் வருவதற்குள் அந்தப் பகுதியைப் படம் எடுத்துவிட வேண்டும். இதையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஓடைக்கு அப்பால் போகிறவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் என்று மட்டும் ஒரு விதி சேர்த்தார்.

பெரும்பாலானவர்கள் கோயிலைச் சுற்றியே பறக்கவிட்டார்கள். தினேஷ் மட்டும் ஓடையைத் தாண்டிப் போனார். அவர் கொண்டுவந்த படங்களில் ஒன்று, சந்தேகமில்லாமல், அந்த ஆண்டின் சிறந்த படம். ஓரத்திலிருந்து ஓரம் வரை பச்சை. மேலிருந்து பார்க்கையில் ஒவ்வொரு செம்பனையும் ஒரு நட்சத்திரம். நட்சத்திரத்தோடு நட்சத்திரம் மோதிக்கொண்டு, மண்ணே தெரியாத அடர்த்தி. நடுவர்கள் மூன்று பேரும் அதற்கே முதலிடம் கொடுத்தோம். எங்களுக்கு முன்பே அக்கா வழக்கம்போல் கைக்கண்ணாடியை மூலையிலிருந்து மூலைக்கு நகர்த்திப் பார்த்திருந்தார்.

“முழுசா இருக்கு,” என்று தினேஷிடம் சொல்லியும் இருந்தார்.

பரிசளிப்பு சில வாரங்கள் கழித்துக் கிளேபாங் கடற்கரையில், சாலையோரக் கடை ஒன்றின் நீள மேசைகளில் நடந்தது. மாலை நேரம். எல்லோருக்கும் ஐஸ்கிரீம் மிதக்கும் தேங்காய் ஷேக். அக்காவுக்கு மட்டும் இளநீர், அதுவும் முரளி பார்த்து மாற்றிக் கொடுத்ததால். கோப்பையை வாங்கிய தினேஷ் அதை மேசை நடுவில் வைத்து, அதன் மூடியில் கச்சான் கடலை கொட்டி எல்லோருக்கும் நீட்டிக்கொண்டிருந்தார். பெரிய அச்சுப் படத்தை முரளி தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“மச்சான், இவ்ளோ சுத்தமான எஸ்டேட்ட நான் பாத்ததே இல்லலா. ஒரு பிளாஸ்டிக் பை இல்ல, ஒரு ஒரச் சாக்கு இல்ல. முனியாண்டி வந்து கூட்டித் தொடச்சுட்டுப் போனாரா?”

“அவர் எதுக்கு? நான்தான் தொடச்சேன்,” என்றார் தினேஷ், கச்சானை மென்றபடி. “கீழ் மூலையில ஒரே ஒரு குப்பை அண்ணே. ஆரஞ்சா, வட்டமா, மட்டைக்கு நடுவுல மாட்டிக்கிட்டு. மொத்தப் பச்சையையும் கெடுத்துச்சு. வெட்டக்கூடாதுன்னுதானே ரூல்? நான் வெட்டல. பக்கத்து மரத்த காப்பி பண்ணி மேல ஒட்டிட்டேன். ரெண்டே நிமிஷம்லா.”

முரளி படத்தைக் கீழே வைத்தார். பழைய ஆட்கள் இரண்டு மூன்று பேர் பேச்சை நிறுத்தினார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் இளநீரை மேசையில் வைத்தார். உருண்டுவிடாமல் இருக்க அதன் மேல் கையை வைத்தார். கையை எடுக்கவே இல்லை.

மேசை அமைதியானதைத் தினேஷ் வேறுவிதமாகப் புரிந்துகொண்டார்.

“அலாமாக், அது தப்பாக்கா? தெரியாமப் பண்ணிட்டேன்கா. கப்ப திருப்பிக் குடுத்துர்றேன்.”

“இருக்கட்டும் தம்பி. படம் நல்லா இருக்கு.”

“ஒரிஜினல் எங்கடா?” என்றார் முரளி. குரலில் கேலி இல்லை.

“கார்டு ஃபுல்லா இருந்துச்சு அண்ணே, அன்னிக்கே அழிச்சிட்டேன். எல்லாரும் அப்படித்தானே பண்ணுவோம்?”

முரளி அவர் தோளைப் பிடித்து மணல் பக்கமாகக் கூட்டிப்போனார். அவர்கள் பேசியது கேட்கவில்லை. பார்க்க மட்டும் முடிந்தது. முரளி கொஞ்ச நேரம் பேசினார். தினேஷ் இரண்டு கைகளையும் தலையில் வைத்தார். பிறகு அப்படியே மணலில் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

இந்தப் பக்கம் அக்கா எழுந்து நின்று இரண்டாம் பரிசுக்காரரின் பெயரைக் கூப்பிட்டார். அப்புறம் மூன்றாம் பரிசு, ஆறுதல் பரிசுகள். ஒவ்வொருவருக்கும் கைகுலுக்கினார், படத்துக்கு நின்றார். நிகழ்ச்சியை முழுதாக முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

மறுநாள் காலை நான் கடைக்குப் போனபோது அந்தப் படம் வெட்டும் மேசையில் விரிந்து கிடந்தது.

“இந்த ரெண்டு மரத்தையும் பாருங்க சார்.”

கைக்கண்ணாடி வழியே பார்த்தேன். கீழ் மூலையில் அடுத்தடுத்து இரண்டு செம்பனைகள். இரண்டிலும் மூன்றாவது மட்டை ஒரே இடத்தில் ஒடிந்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரே வடிவத்தில் ஒரு காய்ந்த ஓலை. தெரிந்த பிறகு பார்த்தால் வேறு எதுவுமே கண்ணில் படவில்லை. தெரியாதபோது மூன்று நடுவர்கள் பார்த்தும் தெரியவில்லை.

“நான் மூணு தடவ பாத்தேன் இந்தப் படத்த,” என்றார் அவர். “வேற நெறத்தத்தான் தேடினேன். ஒரே மாதிரி இருக்கறதத் தேடணும்னு தோணல.”

தினேஷ் உள்ளே வந்தார். தூங்காத முகம். பறக்கும்போது கைப்பேசியில் தானாகப் பதிவாகும் சின்ன முன்னோட்டப் படம் ஒன்று அழியாமல் கிடந்ததாம். அதைத் தேடி எடுத்திருந்தார். விரலால் பெரிதாக்கிக் காட்டினார். பச்சைக்கு நடுவே ஆரஞ்சாகச் சில சதுரங்கள். அவ்வளவுதான். குடை என்றால் குடை. யாரோ விட்டுப்போன தார்ப்பாய் என்றால் தார்ப்பாய். அக்கா கைப்பேசியை இரண்டு கையாலும் வாங்கி நெடுநேரம் பார்த்தார்.  

“போலாமாக்கா?” என்றார் தினேஷ்.

முரளியும் வந்து சேர்ந்தார். நான்கு பேரும் ஒரே காரில் போனோம்.

ஓடைக்கு அந்தப் பக்கம் மரம் ஒன்றுகூட நிற்கவில்லை. மண்வாரிகள் சாய்த்த மரங்களைத் துண்டு துண்டாகச் சீவி வரிசை வரிசையாகக் குவித்திருந்தார்கள். புரட்டிப்போட்ட செம்மண், அறுபட்ட தண்டின் புளித்த வாடை. ஒரு மண்வாரி தொலைவில் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. தினேஷ் சமதளமான ஓர் இடத்தைத் தேடி டிரோனை வைத்தார்.

“என்ன தேடணும்னு சொல்லுங்கக்கா. ஒண்ணு விடாம சொல்லுங்க.”

அப்போதுதான் அவர் சொல்லத் தொடங்கினார். குடையில் ஒரு கம்பி உடைந்து, செம்புக் கம்பி வைத்துக் கட்டியிருந்தது. சட்டைப் பையில் வெள்ளை நூலில் பஸ் எண். செருப்பில் இடது வார் மட்டும் பச்சை. அறுந்துபோனதை அவரே மாற்றிப் போட்டார். ஓடாத கடிகாரம், ஆனால் கட்டாமல் வெளியே போகமாட்டார். வலது முழங்காலில் பழைய தழும்பு. நான் எழுதிய நான்கு வரிச் செய்தியில் இதில் பாதிகூட இல்லை. தினேஷ் தலையாட்டிக்கொண்டே கேட்டார். அவர் கண் திரையைவிட்டு நகரவில்லை. திரையில் செம்மண்ணைத் தவிர ஒன்றும் இல்லை.

டிரோன் இறங்கியது. தினேஷ் பேட்டரியைக் கழற்றினார்.

“இன்னொரு தடவ போங்க தம்பி,” என்றார் அக்கா.

அவர் தனக்காக ஒருவரிடம் ஒன்றைக் கேட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதன் பிறகு அவர் கேட்பதை நிறுத்தவில்லை. மேடு பள்ளமான மண்ணில் தடுமாறி நடந்துபோய், மண்வாரி ஓட்டிக்கொண்டிருந்த இந்தோனேசியரைக் கையசைத்து நிறுத்தச் சொல்லிக் கேட்டார். “தாக் ஆடா, காக்,” என்றார் அவர். இல்லை அக்கா. கொடி, சாக்கு, குப்பை எல்லாம் மரத்தோடு சேர்ந்தே அடியில் போய்விடும், மேலே உட்கார்ந்திருப்பவனுக்கு எதுவும் தெரியாது என்றார். குத்தகைக்காரரின் மேற்பார்வையாளரிடம் கேட்டார். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கூலியாட்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டார். வாசல் காவலாளியிடம் கேட்டார். மேனேஜரைத் தொலைபேசியில் பிடித்து, வேலையை ஒரு வாரம் நிறுத்த முடியுமா என்று கேட்டார். எல்லோரும் அன்பாகத்தான் பதில் சொன்னார்கள். எல்லோருடைய பதிலும் மண்வாரிக்காரரின் பதில்தான்.

திரும்பும்போது காரில் முரளியிடம் சொன்னார்: “எல்லாரையும் கூப்பிடுங்க தம்பி. நான் கேட்டேன்னு சொல்லுங்க.”

அடுத்த ஞாயிறு எல்லோரும் வந்தார்கள். பல் மருத்துவர் தன் மனைவியையும் மகளையும்கூடக் கூட்டிவந்தார். சீவிய தண்டுக் குவியல்களுக்கு நடுவே வரிசையாக நடந்து தேடினார்கள், மேலே டிரோன்கள். யாரும் கேலி பேசவில்லை. வெயில் ஏற ஏற சிலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு பாதிப் பேர். அதற்கும் அடுத்த ஞாயிறு தினேஷும் முரளியும் நானும். புது மண்ணில் நாற்று நடத் தொடங்கியிருந்தார்கள்.

அடுத்த ஆண்டு போட்டிக்கு அக்கா வழக்கம்போல் அறிவிப்பு அனுப்பினார். யாரும் பதிவு செய்யவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. தெரிந்த பிறகு, அந்த மனிதர் நடந்துபோன வழியில் நின்று அழகான படம் எடுத்துக் கோப்பை வாங்க யாருக்கும் மனம் வரவில்லை. “இனிமே அங்க போய் எப்படிலா சிரிச்சுப் பேசறது?” என்றார் முரளி. பஸ் நின்ற இடங்களில் இன்னும் இரண்டு பார்க்கப்படாமல் இருந்தன.

அக்கா கடையை விற்றுவிட்டுச் சிரம்பானில் தங்கை வீட்டோடு போய்விட்டார். அவரை நான் அதன் பிறகு பார்க்கவில்லை.

போன மாதம் ஆயர் குரோவில், அந்தப் பழைய மாமாக் கடையில், தினேஷைப் பார்த்தேன். நெற்றி கறுத்து, பேச்சு குறைந்திருந்தார். விடுமுறை நாட்களில் மீதி இரண்டு தோட்டங்களுக்கும் தனியாகப் போகிறாராம். உச்சி வெயிலில், கேமராவை நேர் கீழே வைத்து, எதையும் வெட்டாமல், எதையும் அழிக்காமல் எடுத்து அக்காவுக்கு அனுப்புகிறார். கைப்பேசியை என் பக்கம் திருப்பி, விரலால் தள்ளிக்கொண்டே போனார். பச்சை, மறுபடியும் பச்சை, மறுபடியும் பச்சை. ஒவ்வொரு படத்துக்குக் கீழும் அக்கா அனுப்பிய பதில் இருந்தது. ஒரு எழுத்து மாறாத ஒரே பதில்.

“முழுசா இருக்கு. இன்னொரு தடவ போங்க தம்பி.”